கழுதை ரெண்டு, நாய் ரெண்டு, ஆமை ஒண்ணு: அரிசோனா பாலைவனத்துல எங்க குடும்பம் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

ஊருக்கு போன் பண்ணாலும் சரி, இங்க யார் வீட்டு வளைகாப்புக்கு போனாலும் சரி, எல்லாரும் ஒரே கேள்விங்களத்தான் மாத்தி மாத்தி கேக்குறாங்க. பதில் சொல்லி சொல்லி வாய் வலிக்குது. அதனால ஒரே தடவையா இங்க எழுதி வச்சுடறேன், இனிமே யாராவது கேட்டா இத அனுப்பிட்டு நான் பாட்டுக்கு கழுதைக்கு புல் போட போயிடுவேன்.

மொதல்ல, நீங்க இருக்குற எடம் எது?

டூசான். அரிசோனா மாநிலத்துக்கு தெக்கால, மெக்சிகோ பார்டருக்கு ஒரு மணி நேர ட்ரைவ். டவுனுக்குள்ள இல்ல, தார் ரோடு முடிஞ்சு மண் ரோடு ஆரம்பிக்கிற எடத்துல வீடு. பாலைவனம்னு சொன்ன உடனே மணல்மேடும் ஒட்டகமும் நெனச்சுக்கிறாங்க, இது சொனோரன் பாலைவனம், இங்க குளிர்காலத்துல ஒரு மழை கோடைல ஒரு மழைனு ரெண்டு சீசன் இருக்கு, மொத்தமா சேத்தாலும் வருஷத்துக்கு பத்து பன்னெண்டு இன்ச்தான், ஆனா அத வச்சுக்கிட்டே மரம் செடி கள்ளி எல்லாம் அடர்த்தியா நிக்கும். கைய தூக்கிட்டு நிக்கிற பெரிய கள்ளி படத்துல பாத்திருப்பீங்களே, அது சவாரோ. மொத எட்டு வருஷத்துல ஒன்றரை இன்ச் வளந்தா பெரிய விஷயம். கை முளைக்கவே அம்பது அறுபது வருஷம் ஆகும். எங்க கேட் பக்கத்துல ஒண்ணு நிக்குது, கை நாலு, அதுல மரங்கொத்தி போட்ட ஓட்டை எத்தனைனு எண்ணி முடிச்சதில்ல. மரங்கொத்தி காலி பண்ணிட்டு போன ஓட்டைல குருவி சைஸ்ல ஒரு ஆந்தை வாடகை இல்லாம குடியிருக்கும்.

நான் கோவில்பட்டி பக்கம் கரிசல்காட்டுக்காரி. காஞ்ச மண்ணு எனக்கு புதுசு இல்ல. பச்சைப்பசேல்னு இருக்குற ஊருக்கு போனாத்தான் எனக்கு மூச்சு முட்டும்.

வீட்ல யார் யார் இருக்கீங்க?

வெல்லம், சீரகம்: கழுதைங்க, ரெண்டும் பொண்ணு. முறுக்கு, கருப்பட்டி: நாய்ங்க. பெரியவர்: ஆமை, வயசு யாருக்கும் தெரியாது. அப்புறம் வீட்டுக்காரரு, அவருக்கு தூசி அலர்ஜி.

கழுதையா? நெசமாவா? எங்க வாங்குனீங்க?

நெசமாத்தான். வாங்கலை, தத்து எடுத்தோம், அரசாங்கத்துகிட்ட இருந்து. அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ அஞ்சு நிமிஷம் பேச்சே இல்ல, அப்புறம் "கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சொல்லுவாங்க, நீ அமெரிக்கா போயி கழுதை மேய்க்கிறியேடி"ன்னாங்க. சின்ன வயசுல படிக்கலைனா கழுதை மேய்க்கத்தான் போவன்னு திட்டுனது அவங்கதான், நான் படிச்சிட்டும் மேய்க்கிறேன்.

கதை என்னன்னா, இந்த கழுதைங்கள கொண்டு வந்தது ஸ்பெயின்காரங்க. அப்புறம் 1800கள்ல தங்கம் வெள்ளி தேடி வந்தவங்க எல்லாம் கழுதை முதுகுல மூட்டைய ஏத்திட்டு இந்த மலைங்கள்ல சுத்துனாங்க, சுரங்கம் வத்துனதும் ஆளுங்க கெளம்பிட்டாங்க, கழுதைய அவுத்து விட்டுட்டாங்க. அதோட பூர்வீகம் ஆப்பிரிக்க பாலைவனம், அதனால இந்த வெயில் அதுக்கு சொந்த ஊரு மாதிரி, பெருகிடுச்சு. ஒரு காலத்துல காட்டுக் குதிரை, கழுதை எல்லாத்தையும் லாரி வச்சு வெரட்டி புடிச்சு நாய் தீனிக்கு வெட்டுறது சர்வ சாதாரணம். நெவாடால வெல்மா ஜான்ஸ்டன்னு ஒரு அம்மா, ஆபீஸ்ல செக்ரட்டரி வேலை பாத்தவங்க, 1950ல வேலைக்கு போற வழில ஒரு லாரில இருந்து ரத்தம் ஒழுகுறத பாத்து பின்னாடியே போயிருக்காங்க, உள்ள குதிரைங்க. அதுல ஆரம்பிச்ச சண்டை. பள்ளிக்கூட புள்ளைங்கள வச்சு கடுதாசி கடுதாசியா எழுத வச்சு, 1959ல ஒரு சட்டம், 1971ல பெரிய சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் அரசாங்க நிலத்துல இருக்குற காட்டுக் குதிரையயும் கழுதையயும் யாரும் தொட முடியாது.

ஆனா தொடலைனா பெருகிக்கிட்டே போகுது, மேய புல் வேணும் குடிக்க தண்ணி வேணும். அதனால பீ.எல்.எம்.னு சொல்ற மத்திய அரசு நிலத்துறை அப்பப்போ கொஞ்சத்த புடிச்சு தத்து குடுப்பாங்க. பழக்காத கழுதைக்கு கட்டணம் 125 டாலர்ல ஆரம்பிக்கும். ஆனா விலைய பாத்து யாரும் ஏமாந்துராதீங்க, கேக்குற கண்டிஷன் பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி: ஒரு கழுதைக்கு குறைஞ்சது 400 சதுர அடி எடம், நாலரை அடி ஒசர வேலி, முள்கம்பி கூடவே கூடாது, நிழல் வேணும், தண்ணி வேணும். மொத வருஷம் முழுக்க அது சட்டப்படி அரசாங்க சொத்து. வருஷம் முடிஞ்சு டாக்டர் பாத்து நல்லா வச்சிருக்கான்னு எழுதி குடுத்தாத்தான் நம்ம பேருக்கு பேப்பர் வரும். கழுத்துல இடது பக்கம் திரவ நைட்ரஜன்ல குளிர வச்ச இரும்பால ஒரு முத்திரை போடுவாங்க, அந்த எடத்துல முடி வெள்ளையா முளைக்கும், அதுல பொறந்த வருஷம் நம்பர் எல்லாம் கோடு கோடா இருக்கும். வெல்லத்தோட ரேஷன் கார்டு அது.

வந்த புதுசுல ரெண்டும் கிட்டயே வராது. குதிரை பயந்தா ஓடும், கழுதை பயந்தா நிக்கும், நின்னு யோசிக்கும், அதத்தான் நாம பிடிவாதம்னு பேரு வச்சுட்டோம். நான் பண்ணதெல்லாம் ஒண்ணுதான், ஒரு நீல பிளாஸ்டிக் சேர வேலிக்குள்ள போட்டு அதுங்களுக்கு முதுக காட்டிட்டு உக்காந்து போன் பாத்துட்டு இருப்பேன். தெனம் சாயங்காலம் ஒரு மணி நேரம். கூப்பிட மாட்டேன், திரும்ப மாட்டேன். பத்தொம்பதாவது நாள் பின்கழுத்துல சூடா மூச்சு பட்டுச்சு. காஞ்ச புல்லு வாசம். உதடு வந்து என் ஜடை நுனிய மெதுவா புடிச்சு இழுத்துச்சு, நான் மூச்ச அடக்கிட்டு உக்காந்திருக்கேன், கண்ணுல தண்ணி வேற வந்துருச்சு, அந்த நேரம் பாத்து வீட்டுக்காரரு உள்ள இருந்து "டீ ஆறுதுடி"ன்னு கத்துனாரு. ரெண்டும் அந்த மூலைக்கு ஓடிருச்சு. இப்ப என்னடான்னா அதுங்களுக்கு அவருன்னாத்தான் உசுரு.

ஏன் ரெண்டு?

ஒத்தையா விட்டா ஏங்கிப் போயிடும். கழுதைக்கு இன்னொரு கழுதை வேணும், ஆடு மாடெல்லாம் அதுக்கு ஈடாகாது.

பால் கறப்பீங்களா?

இல்ல பெரியம்மா. நம்ம ஊர்ல கழுதைய ஓட்டிட்டு வந்து தெருத்தெருவா கைக்குழந்தைக்கு ஒரு சங்கு ஊத்துவாங்களே, அந்த ஞாபகத்துல எல்லாரும் கேக்குறீங்க. குட்டி போட்டாத்தான் பால், எங்க ரெண்டுக்கும் குட்டி இல்ல, குட்டி போட வைக்கிற எண்ணமும் இல்ல.

மேல ஏறி போவீங்களா?

எனக்கு எடை ஜாஸ்தி, அதுக்கு சின்ன முதுகு. கூட நடக்கத்தான். வெல்லம் முதுகுல ரெண்டு பக்கமும் பை தொங்கவிட்டு தண்ணி கேன், என் மதிய சாப்பாடு, நாய் தட்டு எல்லாம் ஏத்துவேன், அளவா. ஒரு தடவ போன எடத்துல நட்டநடு பாதைல நின்னுருச்சு. இழுத்தேன், கெஞ்சுனேன், கேரட்ட காட்டுனேன், ம்ஹூம். சரி இதுக்கு பாம்பு தெரியுது, மலைச்சிங்கம் தெரியுது, நம்மள காப்பாத்துதுன்னு நெனச்சு எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு. நாப்பது நிமிஷம் கழிச்சு பாத்தா, தூரத்துல ஒரு கள்ளில பளபளன்னு ஃபாயில் பலூன் மாட்டிட்டு ஆடுது. ஹேப்பி பர்த்டே. பாலைவனம் பூரா இந்த பலூன்தான், எங்க மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸ்ல கேக் வெட்டி விட்டா இங்க வந்து எறங்கும். கழுதை பயப்படுறது சின்ன விஷயம், ஆமை அத தின்னுட்டா குடல் அடைச்சிரும். தயவு செஞ்சு வானத்துல விடாதீங்க.

தீனி செலவு பத்தியும் கேட்டீங்க: பெர்முடா புல் கட்டு. அல்ஃபால்ஃபா (நம்ம ஊரு குதிரைமசால்) வாசமா பச்சையா இருக்கேன்னு பாசத்துல போட்டா கொழுப்பு ஏறி குளம்பு கெட்டுப்போகும், பாலைவனத்துல கஞ்சத்தனமா வாழ்ந்த ஒடம்பு அது. குளம்பு வெட்ட ஒருத்தர் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவ வருவாரு. கழுதை வாங்குற காசு காசே இல்ல, அதுக்கப்புறம் வர்றதுதான் காசு. இதுக்கு மேல கணக்கு சொன்னா வீட்டுக்காரரு படிச்சிருவாரு.

நாய்ங்கள மலைக்கு கூட்டிட்டு போறீங்களே, பயமா இல்லையா?

பயம் இருக்கு, ஆனா நீங்க நெனக்கிற விஷயத்துக்கு இல்ல. ஓநாய் கரடி எல்லாம் விடுங்க, என் எதிரி ஒரு செடி. சோயான்னு ஒரு கள்ளி, அதுல ஒரு வகைக்கு குதிக்கிற சோயான்னே பேரு, குதிக்கலாம் செய்யாது, லேசா உரசுனாலே ஒரு துண்டு கழண்டு நம்ம மேல ஒட்டிக்கும், அவ்ளோதான். ஆனா முள்ளு நுனில கண்ணுக்கு தெரியாத கொக்கி இருக்கும், உள்ள போறது சுலபம், வெளிய வர்றது தோலயும் இழுத்துட்டுத்தான் வரும்.

முறுக்கு கால்ல மொத தடவ ஏறுனப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. அது பாவம் வலிக்குதேன்னு வாயால புடுங்கப் போச்சு, இப்ப கால்ல பாதி ஒதட்டுல பாதி. நான் கையால புடுங்கப் போனேன், என் கைல மீதி. நாங்க ரெண்டு பேரும் ஒரு பாறைல உக்காந்து ஒப்பாரி வச்சுட்டு இருக்கோம், அந்த வழியா வந்த ஒரு வயசான அம்மா பேசவே இல்ல, இடுப்பு பையில இருந்து ஒரு சீப்ப எடுத்தாங்க, சாதா தலை வார்ற பிளாஸ்டிக் சீப்பு. துண்டுக்கும் தோலுக்கும் நடுவுல சீப்ப விட்டு சடக்குன்னு தூர சுண்டிவிட்டாங்க, அப்புறம் மிச்ச முள்ள ஒவ்வொண்ணா சின்ன ப்ளையரால. கடைசில சீப்ப என் கைல குடுத்துட்டு போயிட்டாங்க. பல்லு மூணு ஒடஞ்ச அந்த பச்ச சீப்பு இன்னும் என் பைல இருக்கு. தண்ணிக்கு அடுத்தபடியா சீப்பு இல்லாம நான் வாசல் தாண்ட மாட்டேன்.

ரெண்டாவது எதிரி தவளை. சிரிக்காதீங்க. சொனோரன் பாலைவனத் தேரை, உள்ளங்கை அகலத்துக்கு மேல இருக்கும், வருஷத்துல முக்காவாசி நாள் மண்ணுக்குள்ள தூங்கிட்டு மழை வந்த ராத்திரி வெளிய வரும். காதுக்கு பின்னாடி சுரப்பில விஷம். நாய் கவ்வுனா வாயில நுரை தள்ளி வலிப்பு வந்து செத்தே போகலாம். கவ்விட்டா மொத வேலை ஹோஸ் பைப்ப வாயோட பக்கவாட்டுல வச்சு தண்ணி வெளிய ஓடுற மாதிரி கழுவணும், தொண்டைக்குள்ள பீச்சிராதீங்க, ஈறு எல்லாம் ஈரத்துணியால தொடச்சுவிட்டு உடனே மிருக டாக்டர் எமர்ஜென்சி. ஜூலை ஆகஸ்ட்ல ராத்திரி நாங்க நாய்ங்கள கயிறு இல்லாம முத்தத்துக்குக்கூட விடுறது இல்ல.

மூணாவது கண்ணுக்கே தெரியாது, மண்ணுல இருக்குற ஒரு பூஞ்சை. காத்துல தூசியோட மூக்குக்குள்ள போயி நுரையீரல்ல உக்காரும், வேலி ஃபீவர்னு பேரு (நம்ம வேலி இல்ல, இங்கிலீஷ்ல பள்ளத்தாக்கு), மனுஷனுக்கும் வரும் நாய்க்கும் வரும். கருப்பட்டி ஒரு குளிர்காலம் இருமிட்டே இருந்தா, அப்புறம் பின்னங்கால நொண்டுனா. மொதல்ல பாத்த டாக்டர் சுளுக்குன்னு சொல்லி வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு, மூணு வாரம் வீணாப்போச்சு. வேற எடத்துக்கு போயி ரத்தம் எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு. பூஞ்சைக்கு குடுக்குற ஃப்ளூகோனசோல் மாத்திரை பதினோரு மாசம். இப்ப முயல் துரத்துற அளவுக்கு தேறிட்டா. இங்க குடிவர்றவங்க மனசுல வச்சுக்கங்க, இருமல் நிக்கலைனா டாக்டர்கிட்ட நீங்களே வேலி ஃபீவர்னு பேர சொல்லி கேளுங்க, வெளியூர் டாக்டர்னா கட்டாயம் சொல்லுங்க.

பாம்பு?

இருக்கு. கிலுகிலுப்பை பாம்பு மட்டும் அரிசோனால 13 வகை. ஆனா அது பாவம், வாலாட்டி சத்தம் போட்டு ஒதுங்கிக்கோன்னு நமக்கு சொல்லுது, இவ்ளோ மரியாதை தெரிஞ்ச பாம்பு வேற எங்க இருக்கு. கை வைக்கிற எடம், கால் வைக்கிற எடம் பாத்து வைக்கணும், காதுல ஹெட்ஃபோன் கூடாது. கடிச்சா கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கட்டவும் வேண்டாம், அசையாம நேரா ஆஸ்பத்திரி. நாய்ங்களுக்கு பாம்பு வாசம் வந்தா வெலகிப் போகச் சொல்லி இங்க ட்ரெய்னிங்கே இருக்கு, ரெண்டும் பாஸ். கருப்பட்டி மட்டும் தோட்டத்து ரப்பர் பைப்பையும் பாம்பு லிஸ்ட்ல சேத்துட்டா.

அப்புறம் கீலா மான்ஸ்டர்னு ஒரு விஷப்பல்லி, கருப்பும் ஆரஞ்சும் மணி கோத்த மாதிரி தோலு. 1952லயே சட்டம் போட்டு பாதுகாத்தாங்க இங்க. நம்ம வீடுகள்ல பாதி பேருக்கு சுகர் இருக்கே, அதுக்கு எக்ஸனடைட்னு 2005ல வந்த ஒரு ஊசி மருந்து இந்த பல்லியோட எச்சில்ல கண்டுபிடிச்ச ஒரு பொருள்ல இருந்து வந்ததுதான். நான் எட்டு வருஷத்துல மூணு தடவதான் பாத்திருக்கேன், மூணு தடவையும் அது என்ன மதிக்கவே இல்ல, அது பாட்டுக்கு நடந்து போச்சு.

ஆமைய காட்டுல இருந்து புடிச்சீங்களா?

ஐயோ, அது குத்தம். சொனோரன் பாலைவன ஆமைய காட்டுல இருந்து எடுக்கக் கூடாது. எடுக்கறது என்ன, பாதைல பாத்தா தூக்கக்கூட கூடாது, பயந்து ஒண்ணுக்கு போயிடும், நமக்கு அது ஒண்ணுக்கு, அதுக்கு அது மாசக்கணக்குல மூத்திரப்பைல சேத்து வச்ச குடிதண்ணி. அடுத்த மழை வரைக்கும் குடிக்க ஒண்ணும் இல்லாம செத்தே போகலாம். ரோட்டு நடுவுல நின்னா மட்டும் தரையோட ஒட்டி தூக்கி, அது எந்த பக்கம் போச்சோ அந்த பக்கமே விடணும்.

பெரியவர் வேற கதை. யாரோ எப்பவோ வீட்ல வளத்தது, மனுஷங்க போயிட்டாங்க ஆமை மிஞ்சிருச்சு. இதுங்க அம்பது வருஷத்துக்கு மேல சாதாரணமா வாழும். வீட்ல வளந்தத திரும்ப காட்டுல விட முடியாது, சளி நோய் பரவி காட்டு ஆமைங்க அழிஞ்சிரும். அதனால மாநில வனவிலங்குத்துறை மூலமா தத்து குடுக்குறாங்க, டூசான்ல அரிசோனா சொனோரா டெசர்ட் மியூசியம் அந்த வேலைய பாக்குது. குடும்பத்துல ஒரு ஆளுக்கு ஒரு ஆமை, அதுக்கு மேல கிடையாது. ஆணையும் பொண்ணையும் சேத்து வைக்கக் கூடாது, மாநிலத்த விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. நாய் நுழைய முடியாத வேலி வேணும், நாய்ங்களுக்கு ஆமை ஓடு எலும்பு மாதிரி, கடிச்சே கொன்னுரும். சிமெண்ட் கல்லும் பலகையும் வச்சு மேல மண்ணு மூடி நாங்களே வளை கட்டுனோம். புல்லு, காட்டுப்பூ, சப்பாத்திக்கள்ளி மடல் இதான் சாப்பாடு. சப்பாத்திப்பழ சீசன்ல அவரு வாயப் பாக்கணும், வெத்தலை போட்ட தாத்தா மாதிரி சாறு தாடைல வழிஞ்சு, ரத்தச்சிவப்பா. நாங்க சின்ன வயசுல கம்மாக்கரைல அந்த பழத்த முள்ளு தேச்சு தின்னுட்டு நாக்க நீட்டி காட்டுவோம், அதே கலர்.

அந்த வெயில எப்படி தாங்குறீங்க?

தாங்கறது இல்ல, ஒளிஞ்சுக்கறது. ஜூன் மாசம் 105, 108 டிகிரி சாதாரணம், நம்ம கணக்குல நாப்பத்தொண்ணு நாப்பத்திரண்டு. டூசான்ல அதிகபட்சம் 117, அதாவது 47, 1990 ஜூன்ல. ஃபீனிக்ஸ் இன்னும் மோசம், 2023ல தொடர்ச்சியா 31 நாள் அங்க பகல் உச்ச வெயில் 110க்கு கீழ எறங்கவே இல்ல. அங்க 100 டிகிரி தொட்டா நகராட்சி மலைப்பாதைல நாய கூட்டிட்டு போறதுக்கே தடை. நல்ல தடை.

எங்க வீட்ல கோடைல நாலரைக்கு அலாரம். சூரியன் வர்றதுக்கு முன்னாடி நட, ஏழு மணிக்கு வீடு. ரோட்ல புறங்கைய வச்சு ஏழு எண்ணுறதுக்குள்ள கை எடுக்கத் தோணுச்சுன்னா நாய்க்கு அந்த ரோடு கிடையாது. நடக்குறதுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணி, வெறும் தண்ணியா குடிச்சாலும் ஆபத்து, உப்பும் போகணும். கடைல ஆயிரம் பவுடர் விக்குறான், நான் மோர்ல உப்பு பெருங்காயம் போட்டு கட்டி ஆக்கி எடுத்துட்டு போவேன், கூட புளிசாதம். பாறைல உக்காந்து புளிசாதம் தின்னா மத்தவங்க எனர்ஜி பாரை பாத்து பரிதாபமா இருக்கும்.

பாதி தண்ணி காலியானா திரும்பணும். உச்சி பத்து நிமிஷம்தான்னாலும் திரும்பணும். நான் ஒரு தடவ திரும்பல, ஏப்ரல் மாசம்தானேன்னு. கடைசி ஒரு மைல்ல வேர்வை நின்னுருச்சு, குளிருற மாதிரி இருந்துச்சு, முறுக்கு நடக்க மாட்டேன்னு ஒரு புதர் நிழல்ல படுத்துட்டான். நானும் அவன் பக்கத்துல படுத்தேன். சூரியன் மலைக்கு பின்னாடி போற வரைக்கும் ரெண்டு மணி நேரம். மிச்சமிருந்த அரை பாட்டில நாங்க ரெண்டு பேரும் மூடி மூடியா பிரிச்சு குடிச்சோம். அம்மா, இது உங்களுக்கு இதுவரைக்கும் சொல்லல.

ரொம்ப முடியலைனா லெமன் மலை இருக்கு, 9,157 அடி. ஒரு மணி நேரம் கார்ல ஏறுனா கள்ளி போயி பைன் மரம் வரும், கீழ விட முப்பது டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் கம்மி. கொடைக்கானல் மாதிரி, சாக்லேட் கடை மட்டும் கம்மி.

மழை வந்தா என்ன ஆகும்?

கோடை மழைய இங்க மான்சூன்னே சொல்றாங்க. ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் கணக்கு, நெசமா வர்றது ஜூலை. மழைக்கு முன்னாடி கிரியோசோட்டு செடில இருந்து ஒரு வாசம் கெளம்பும் பாருங்க, நம்ம மண்வாசனை இல்ல, அது வேற, தார் மாதிரியும் மூலிகை மாதிரியும். கழுதைங்க மூக்க தூக்கி ஒதட்ட சுருட்டி நிக்கும். அப்புறம் காஞ்ச ஓடை எல்லாம் அரை மணி நேரத்துல ஆறு. மழை இருபது மைல் தள்ளி பெஞ்சிருக்கும், உங்க தலைக்கு மேல நீலவானம், தண்ணி மட்டும் வரும். தடுப்பு போட்ட எடத்துல கார விட்டு மாட்டிக்கிட்டா மீட்புச் செலவ உங்ககிட்டயே வசூல் பண்ண இங்க சட்டம் இருக்கு, ஊர்ல எல்லாரும் அத முட்டாள் டிரைவர் சட்டம்னுதான் சொல்றாங்க.

நாயோட எங்கெல்லாம் போகலாம்?

கேட்டுட்டுத்தான் போகணும், எடத்துக்கு எடம் சட்டம் மாறும். எங்க வீட்டுப் பக்கத்துல இருக்குற சவாரோ தேசியப் பூங்காவுலயே நாய்க்கு தார் போட்ட எடம் மட்டும்தான். சபீனோ கேன்யன்ல சுத்தமா கிடையாது, அங்க பெருங்கொம்பு ஆடுங்க இருக்கு. கிராண்ட் கேன்யன்ல மேல விளிம்புல நடக்கலாம், கீழ எறங்கக் கூடாது. ஆனா கல்லா மாறுன மரங்க கிடக்குற பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்ல பாதைங்கள்லயே விடுவாங்க, இருபது கோடி வருஷம் பழைய மரம், முறுக்கு அதுலயும் கால தூக்கிட்டான், எனக்கு மானமே போச்சு.

எனக்கு ரொம்ப புடிச்சது நியூ மெக்சிகோ ஒயிட் சாண்ட்ஸ். 275 சதுர மைல், வெள்ளை வெளேர்னு மணல்மேடு. அது மணலே இல்ல, ஜிப்சம், வெயில்லயும் கால சுடாது. நாய் போகலாம். கருப்பட்டி அதுல ஓடுறத பாத்தா கோலமாவுல எறும்பு ஊருற மாதிரி இருக்கும். பக்கத்துலயே ஏவுகணை சோதிக்கிற எடம், சோதனை நாள்ல ரோட்ட மூடிருவாங்க, பாத்துட்டு கெளம்புங்க.

ஓட்மேன்னு, ரூட் 66ங்கற பழைய ஹைவேல ஒரு சுரங்க ஊரு, காட்டுக் கழுதைங்க கடைவீதில மாடு மாதிரி சுத்தும், குட்டிங்க நெத்தில ஊட்டாதீங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அங்க போனப்பதான் எனக்கு கழுதை ஆசையே வந்துச்சு.

கிராண்ட் கேன்யனுக்கு உள்ள சுபாய்னு ஹவசுபாய் பூர்வகுடி மக்களோட ஊரு, ரோடு கிடையாது, எட்டு மைல் நடக்கணும், இன்னைக்கும் தபால் கோவேறு கழுதை முதுகுலதான் போகுது. நாய்ங்கள வீட்ல விட்டுட்டு போயி அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன்.

ஒரு எச்சரிக்கை, நேரம். கோடைல அமெரிக்கால பெரும்பாலான எடத்துல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, அரிசோனா மாத்தாது, ஆனா இங்கயே நவஹோ பூர்வகுடி மக்கள் நிலத்துல மாத்துவாங்க, அதுக்கு நடுவுல இருக்குற ஹோப்பி மக்கள் மாத்த மாட்டாங்க. நவஹோ நிலத்துல இருக்குற கேன்யன் டி ஷேக்கு ஜீப் டூர் புக் பண்ணிட்டு நான் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன்னு பெருமையா எறங்குனேன், ஜீப்பு அம்பது நிமிஷத்துக்கு முன்னாடியே போயிருச்சு.

பொம்பளை தனியா போறீங்களே?

எங்க போறேன், எப்ப வருவேன்னு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு போவேன். சிக்னல் இருக்காது, சேட்டிலைட்ல மெசேஜ் போற சின்ன மெஷின் ஒண்ணு வச்சிருக்கேன். கார்ல இருபது லிட்டர் தண்ணி, ஸ்டெப்னி, மண்வெட்டி. பீ.எல்.எம். நிலத்துல பெரும்பாலும் பதினாலு நாள் வரைக்கும் காசில்லாம டென்ட் போட்டுக்கலாம். பார்டர் பக்கம் ரோட்ல செக்போஸ்ட் இருக்கும், பேப்பர் கைல வச்சுக்கங்க. மனுஷங்களால இதுவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்ல, பாலைவனத்துல எதிர்ல வர்றவங்க கேக்குற மொத கேள்வியே தண்ணி இருக்கான்னுதான்.

உங்க முத்தத்துல நிக்கிறது சீமைக்கருவேலமா?

அதோட பங்காளி. வெல்வெட் மெஸ்கீட். நம்ம ஊரு சீமைக்கருவேலமும் இந்த அமெரிக்க கண்டத்துல இருந்து போனதுதான். அங்க நிலத்தடி நீர உறிஞ்சுதுன்னு கோர்ட் வரைக்கும் போன சாதி, இங்க மரியாதைப்பட்ட உள்ளூர்க்காரர். ஜூன்ல மழைக்கு முன்னாடி காஞ்ச நெத்த பொறுக்கி மாவாக்கி ரொட்டி சுடுறாங்க, இங்க உள்ள பூர்வகுடி டோஹோனோ ஓதாம் மக்கள் காலங்காலமா சாப்பிடுறது. லேசா இனிக்கும், பனங்கருப்பட்டி வாசம். நான் தோசை மாவுல ஒரு கரண்டி கலப்பேன். ஊர்ல இருந்து வந்த மாமா ஒருத்தரு "இத வெட்டிப் போடாம என்னத்த பண்றீங்க"ன்னு அரிவாள் கேட்டாரு, தோசைய தின்னுட்டு அப்புறம் கேக்கல.

ஊருக்கு எப்ப வர்றீங்க?

பெரியவர் எந்திரிக்கட்டும் சித்தி. அக்டோபர் கடைசில வளைக்குள்ள போனவரு, மார்ச்ல இருந்து ஏப்ரலுக்குள்ள வெளிய வருவாரு. அவரு வந்து மொத தண்ணி குடிச்சத பாத்துட்டா நான் நிம்மதியா டிக்கெட் போடுவேன். முந்தாநாள் சாயங்காலம் வெயில் நல்லா இருந்துச்சு, டார்ச் அடிச்சு பாத்தேன், வளை வாசல்ல மண்ணு படிஞ்ச மூக்கு மட்டும் தெரிஞ்சுச்சு. நான் சத்தமே போடல. இன்னைக்கு காலைல குளிரு, மூக்கயும் உள்ள இழுத்துக்கிட்டாரு.